சித்தியும் தெற்கே வந்த இரண்டு அம்புகளும்

இந்த உலகத்தில் இறக்கை உள்ள எதுவும் என் சித்தியைக் கேட்காமல் பறக்க முடியாது. எங்கள் தெருக் காக்காய்கூடக் கூரை மாறி உட்காரும் முன் அவளை ஒரு தடவை திரும்பிப் பார்க்கும்.

உண்மை கொஞ்சம் சின்னது. கட்டுப்பாட்டுக் கோபுரம்கூட இல்லாத விமான நிலையம். ஒரு ஜன்னல், ஒரு ரேடியோ, சித்தி, பத்தொன்பது வருஷமாக. 'இப்படித் திரும்பு' என்று விமானிக்கு உத்தரவு போடும் அதிகாரம் அவளுக்குக் கிடையாது. யார் எங்கே இருக்கிறார்கள் என்று சொல்லலாம், அவ்வளவுதான். விமானிகள் சொல்லச் சொல்ல, மேஜை வரைபடத்தின்மேல் விமானத்துக்கு ஒன்றாகச் சோடா மூடிகளை நகர்த்துவாள். நான் ஒருநாள் கூடுதலாக ஒரு மூடி வைத்து வாங்கிய குட்டு, அப்பப்பா!

போன திங்கட்கிழமை சித்தியின் மேஜைக்கு ஒரு திரை வந்தது. விமானங்கள் அனுப்பும் சிக்னலைக் கூரை ஆன்டெனா பிடிக்கும். ஒவ்வொரு விமானமும் தன் உயர எண்ணோடு திரையில் பச்சை அம்பாக நகரும். "ஒரு வாரம் பாப்போம். பிரயோஜனம் இல்லேன்னா திருப்பி அனுப்பிடலாம்" என்றார் மேனேஜர்.

வெள்ளிக்கிழமை எனக்குப் பள்ளி இல்லை, அங்கேதான் இருந்தேன். தனியாகப் பறக்கும் பயிற்சிப் பையன் ரேடியோவில் கூப்பிட்டான். "அக்கா, வடக்கே எட்டு கிலோமீட்டர். இறங்க வர்றேன்."

சித்தியின் கை பழக்கத்தில் மூடியை வடக்கே வைத்தது. திரையில் வடக்கே ஈ காக்காய் இல்லை. தெற்கேதான் இரண்டு அம்புகள், ஒரே உயரத்தில், ஒன்றின் வாலைப் பிடித்தபடி இன்னொன்று! பின்னால் வேகமாக வந்தது, மருந்து ஏற்றி வரும் விமானம். பையனுடைய விமானத்தின் மூக்கு வடக்கே பார்த்திருந்தது. அதையே இருக்கும் இடமாகச் சொல்லிவிட்டான்.

சித்தி எழுந்தே விட்டாள். "தம்பி, நீ இருக்கறது தெற்கே! பின்னாலயே மருந்து விமானம், ரெண்டு கிலோமீட்டர், அதே உயரம். மருந்து விமானம், உங்களுக்கு நேர் முன்னாடி அவன்."

"வடக்கேன்னு சொன்னானே மேடம்! கண்ணுல படலையே!"

"நேர் முன்னாடி. இப்ப ஒண்ணரை."

அம்புகள் ஒட்டப்போவதுபோல் நெருங்கின. ரேடியோ கரகரத்தது.

"பாத்துட்டேன்! வலப்பக்கம் விலகுறேன்!"

பின்னால் இருந்த அம்பு வளைந்தது. அதன் உயர எண் மளமளவென்று ஏறியது. நான் போட்ட கூச்சலில் மேனேஜர் செருப்பில்லாமல் ஓடிவந்தார்.

"அக்கா, திசையை மாத்திச் சொல்லிட்டேன்..." பையனின் குரல் உடைந்தது.

"முதல்ல இறங்குப்பா. திசையைத் தரையில வந்து படிச்சுக்கலாம்."

இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக இறங்கின. மேனேஜர் திரையைத் தொட்டார். "அப்ப, இந்தப் பெட்டி..."

"கழட்டினா என்னையும் சேத்துக் கழட்டிட்டுப் போங்க சார்."

பிறகு என் பக்கம் திரும்பினாள். "என் சட்டைக் கையை ஏன் இப்படி விடாமப் புடிச்சிருக்க?"

"நூல் பிரிஞ்சிருந்துச்சு சித்தி. இழுத்துப் பாத்தேன்."

"அதுக்கு எதுக்குடி அழுவுற?"