கிணற்றில் கற்ற நீச்சல்

எட்டே நாளில் நீச்சல் கற்றவன் இந்தப் புதுச்சேரியில் என்னைத் தவிர வேறு எவனாவது இருந்தால் வந்து என் முன்னால் நிற்கட்டும். மூன்றாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். பின்னாளில் சொந்தமாக மூன்று லாரி ஓட்டியவனும் நான்தான். அந்த லாரிகளுக்கெல்லாம் அஸ்திவாரம் நெல்லித்தோப்பில் ஒரு கீரைத் தோட்டத்துக் கிணற்றுக்குள் போட்டது.

பிரெஞ்சுக்காரர்கள் கொடியை இறக்கிக்கொண்டு போய் இரண்டு வருஷம் ஆகியிருக்கும். எனக்கு இருபத்து மூன்று வயது. கடற்கரையில் மூட்டை சுமந்துகொண்டிருந்தேன். கப்பல்கள் கரைக்கு வராமல் தூரத்திலேயே நங்கூரம் போட்டு நிற்கும். பெரிய படகுகள் போய்ச் சரக்கை ஏற்றிவரும். கரையில் சுமக்கிறவனுக்கு இன்று வேலை இருந்தால் நாளை இருக்காது. படகில் ஏறிவிட்டால் நிரந்தரம். அப்போது அரியாங்குப்பத்தில் எனக்குப் பெண் பேசியிருந்தார்கள். பெண்ணின் அப்பா ஒரே பேச்சாகச் சொல்லிவிட்டார். "நெலையா ஒரு வேலைய புடிச்சிட்டு வா தம்பி, தையில முடிச்சிடலாம்."

படகின் தலைவரான தண்டல், குருசுக்குப்பத்துக்காரர். படகில் ஓர் ஆள் குறைகிறது என்று கேள்விப்பட்டு அவர் முன்னால் போய் நின்றேன்.

"நீச்சல் தெரியுமா?"

"மீனு மாதிரி நீந்துவேன்."

என்னை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப அடுத்த வாரம் ஞாயித்துக்கெழம வா மிசியே. எந்த மீனுன்னு பாத்துடுவோம்." பிரெஞ்சுத் துரைக்குப் போடுகிற 'ஐயா'வை எனக்குப் போட்டார்.

முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியவனில்லை நான். நேராக என் கூட்டாளியிடம் ஓடினேன். பாய்க்கடையில் வேலை பார்த்த துலுக்க வீட்டுப் பையன், என் வயதுக்காரன்தான். கிணறு குதித்தே வளர்ந்தவன். சிரித்துவிட்டு, காய்ந்த சுரைக்குடுக்கை இரண்டைக் கயிற்றில் கோத்து என் முதுகில் கட்டி, அந்தக் கீரைத் தோட்டத்துக் கிணற்றுக்குள் தள்ளினான். தோட்டக்கார அம்மா கையில் அரிவாளோடு வந்து எட்டிப் பார்த்தார்.

"எரும வுழுந்துடுச்சோன்னு ஓடியாந்தேன். நீதானா?"

"நீச்சல் கத்துக்கறேம்மா."

"கத்துக்க, கத்துக்க. தண்ணிய மட்டும் குடிச்சி தீத்துடாத. சாயங்காலம் கீரைக்கு ஊத்தணும்."

கூட்டாளி படியில் உட்கார்ந்து ஒரே பாடத்தைத்தான் சொன்னான். "இடது கை பக்கம் சுவரு இருக்கட்டும்டா. பயந்தா புடிச்சிக்கலாம்." அப்படியே செய்தேன். இரண்டு நாள் சுவரைப் பிடித்தபடி சுற்றினேன். ஐந்தாம் நாள் ஒரு குடுக்கை கல்லில் மோதி உடைந்தது. மற்றதை நானே அவிழ்த்து எறிந்தேன். எட்டாம் நாள் சுவரைத் தொடாமல் இருபது சுற்று. மூச்சுகூட வாங்கவில்லை. அந்த அம்மாவே அரிவாளைக் கீழே வைத்துவிட்டு நின்று பார்த்தார் என்றால் நீங்களே புரிந்துகொள்ளுங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை, அலையெல்லாம் தாண்டிப் படகை நிறுத்தினார் தண்டல். தூரத்தில் ஒரு கட்டுமரம் மிதந்தது. "அத தொட்டுட்டு வா" என்றார்.

குதித்தேன். வாய்க்குள் உப்பு போனது. அதை ஒருத்தரும் எனக்குச் சொல்லவில்லை. ஆனால் கடல் என்னைக் கிணற்றைவிட நன்றாகவே தாங்கியது. இதென்ன பிரமாதம் என்று கையை வீசிவீசிப் போட்டேன். கட்டுமரம் வந்திருக்கும் என்று தலையைத் தூக்கினால், எதிரே எங்கள் படகு நின்றது. சரி, அலை திருப்பியிருக்கும் என்று மறுபடி அடித்தேன். மறுபடியும் படகு. எட்டு நாளும் சுவரை இடது கையில் வைத்து வலது பக்கமே வளைந்துவளைந்து போன உடம்பு. நேராகப் போவது என்று ஒன்று இருப்பதே அதற்குத் தெரியாது.

மூன்றாவது சுற்றில் துடுப்புக்காரர் ஒருவர் குனிந்து கேட்டார். "செக்கு நல்லா சுத்துதே தம்பி, எண்ண எப்ப வரும்?"

படகே சிரித்தது. எனக்கு அரியாங்குப்பம் கைவிட்டுப் போனது போல இருந்தது. தைக்கு அந்தப் பெண்ணை வேறு எவனோ கட்டப்போகிறான் என்று நினைத்துக்கொண்டே நான்காவது சுற்றையும் சுற்றினேன். நின்றால் முழுகிவிடுவேனே.

தண்டல் சிரிக்கவில்லை. "எங்கடா கத்துக்கிட்ட?"

"கெணத்துல."

"அதான பாத்தேன். இன்னும் எத்தினி சுத்து வருவ?"

"நீங்க போதும்ன்ற வரைக்கும்."

கயிற்றைப் போட்டு என்னை மேலே இழுத்தார். மற்றவர்களைப் பார்த்துச் சொன்னார். "சிரிக்காதீங்க. போன வருசம் ஒருத்தன் வெளிய வுழுந்தானே, எப்பேர்ப்பட்ட நீச்சக்காரன். கரைய பாத்து அடிச்சான். அல வாங்கி சுருட்டி கால ஒடச்சிப் போட்டுது. வுழுந்தவன் படக வுட்டுப் போவக்கூடாது. இவனால போவணும்னு நெனச்சாகூட முடியாது." பிறகு என் பக்கம் திரும்பி, "நாளைலேர்ந்து வா. நேரா போறதுக்கு மெதுவா கத்துக்கலாம்" என்றார்.

அன்று மாலை கூட்டாளி கேட்டான். "எவ்ளோ தூரம்டா நீந்துன?"

"படகுலேர்ந்து படகு வரைக்கும்" என்றேன்.

தை மாதமே கல்யாணம் நடந்தது. அதற்குள் நான் படகைச் சுற்றிய கதை கூட்டாளிக்கு முழுசாகத் தெரிந்திருந்தது. பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு அக்கினியை வலம் வர எழுந்தேன். எப்படிச் சுற்ற வேண்டும் என்று ஐயர் சொல்லத் தொடங்கியதும், பந்தலின் கோடியிலிருந்து கூட்டாளியின் குரல் வந்தது.

"அத மட்டும் அவனுக்கு சொல்லித் தராதீங்க சாமி. போதும்னு சொல்றதுக்கு மட்டும் ஆள போடுங்க."