காயக் கூடாத கம்பி

கப்பலில் அவளுக்குக் 'கையக்காட்டு' என்று பெயர். வைத்தவர் சமையலறையின் சூப் மாஸ்டர். ஊழியர்கள் சாப்பிடும் அறையின் வாசலில் அவள் நின்றுகொள்வாள். வருகிறவரை "கையக் காட்டு" என்று நிறுத்தி, நகக்கண் வரைக்கும் பார்த்த பிறகே தட்டை எடுக்க விடுவாள். அது அவள் வேலையே இல்லை. துப்புரவுப் பிரிவில் அவள் சூப்பர்வைசர். பயணிகள் நடமாடும் மாடிப்படிகள், லிஃப்ட் பொத்தான்கள், பொதுக் கழிப்பறைகள், கைப்பிடிக் கம்பிகள், இவைதான் அவள் பொறுப்பு. ஆனால் ஒரு இடத்தில் சும்மா நிற்க அவளுக்கு வராது. சாப்பாட்டு நேரத்தில்கூட எதையாவது கண்காணித்துக்கொண்டிருந்தால்தான் சோறு இறங்கும்.

"எங்கம்மாகூட என் கையை இவ்வளவு பாசமா பார்த்ததில்ல" என்பார் சூப் மாஸ்டர், தினமும் அதே ஜோக்கை.

"பார்த்திருந்தா ஒழுங்கா கழுவியிருப்பீங்க" என்று அவளும் தினமும் அதே பதிலைச் சொல்வாள்.

எப்போதும் அவள் இப்படி இருந்ததில்லை. ஒரு ஹோட்டலில் அறைகள் துடைத்துக்கொண்டிருந்த நாட்களில் வாயாடி, சிரிப்புக்காரி என்றுதான் பெயர். அங்கேதான் அவனைப் பார்த்தாள். பித்தளைக் கைப்பிடி, கதவுக் குமிழ், விளக்குத் தண்டு எதைக் கொடுத்தாலும் முகம் பார்க்கும் அளவுக்குத் துடைத்துவைக்கிற பாலிஷ்காரன். கல்யாணம் ஆயிற்று. பெண் குழந்தை பிறந்த சில மாதங்களில் அவனுக்குக் கப்பலில் வேலை கிடைத்தது, போனான். குழந்தை பால்குடி மறந்ததும், அதை அக்காவிடம் விட்டுவிட்டு அவளும் அதே கப்பலில் ஏறினாள். இருவர் சம்பளத்தில் ஒரு வீடு கட்டிவிடலாம், பிறகு இறங்கிவிடலாம் என்பது கணக்கு.

அவள் ஏறிய கொஞ்ச நாளிலேயே குழந்தைக்கு வாந்தி பேதி வந்தது. ஆஸ்பத்திரியில் சேர்த்து, கையில் நரம்பு கிடைக்காமல் காலில் ஊசி குத்தி, டிரிப்ஸ் ஏற்றினார்கள். சுற்றிலும் தண்ணீராக இருந்த ஒரு காலையில் அக்கா போனில் எல்லாம் சொன்னாள். சொல்லும்போது குழந்தை பிழைத்துவிட்டிருந்தது. "முன்னாடியே சொல்லி உன்னை எங்க வரச்சொல்றது, நீந்தியா வருவ?" என்று அக்கா கேட்டதில் நியாயம் இருந்தது. அந்தப் போனுக்குப் பிறகுதான் அவள் கையக்காட்டு ஆனாள்.

இந்தப் பயணத்தில் வயிற்று நோய் முதலில் ஒரு வயதான தம்பதியிடம் தெரிந்தது. கொடுத்த காசுக்கு ஊர் பார்க்காமல் அறையில் முடங்கிக் கிடக்க மனமில்லாமல், யாரிடமும் சொல்லாமல் அவர்கள் பஃபேக்கு வந்து போயிருக்கிறார்கள். கரண்டிகளை எத்தனை பேர் தொட்டார்கள் என்று யாருக்குத் தெரியும். அடுத்தடுத்து அறைகளில் இருந்து போன் வர ஆரம்பித்ததும் கப்பலின் முகமே மாறிவிட்டது. பஃபேயில் பயணிகள் கரண்டி தொடக் கூடாது, ஊழியர்களே பரிமாற வேண்டும். மேசையில் உப்புக் குப்பி இல்லை. நூலகத்துப் புத்தகங்களும் சீட்டுக்கட்டுகளும் அலமாரிக்குள் பூட்டப்பட்டன. கேப்டன் கைகுலுக்குவதை நிறுத்திவிட்டு முழங்கையை நீட்டினார். பயணிகளில் பாதிப் பேர் பாட்டிலில் இருந்து ஜெல்லை அழுத்தி, உள்ளங்கையை ஆசீர்வாதம் பண்ணுவதுபோல் காட்டிவிட்டு உள்ளே போகப் பார்த்தார்கள். இந்தக் கிருமி ஜெல்லுக்கு அவ்வளவாக மசியாது, சோப்பும் தண்ணீரும் போட்டுத் தேய்க்க வேண்டும் என்று கப்பலின் டாக்டரம்மா சொல்லியிருந்தார். அதையே அவளும் வாசலில் நின்று, சிரித்த முகத்தோடு, வாய் வலிக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கைப்பிடிக் கம்பிகளுக்கு மருந்துத் தண்ணீர். அதைத் தடவினால் போதாது. கம்பி கொஞ்ச நேரம் ஈரமாகவே இருந்தால்தான் கிருமி சாகும். "தடவிட்டு ஓடாதீங்க. கம்பி குடிக்கணும்" என்று தன் ஆட்களுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தாள். ஈரக் கம்பியைப் பிடித்துவிட்டுப் பயணிகள் முகம் சுளித்தார்கள். ஒரு பெண்மணி, வெள்ளை உடையில் கறை ஆகிவிட்டது என்று புகாரே கொடுத்தார். நடு மாடிப்படியில் பித்தளைக் கம்பி முழுக்கத் திட்டுத் திட்டாக இருக்கிறது, பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று இன்னொரு புகார். துப்புரவுப் பிரிவின் தலைமை மேடம் அவளைக் கூப்பிட்டு நாலு வார்த்தை கேட்டார். அன்றைக்குக் கேபினில் அவள் அதைச் சொல்லிப் புலம்பியபோது, அவன் காலுறையைக் கழற்றிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். பித்தளையில் அந்த மருந்தை ஊற்றினால் பித்தளை அழும் என்று மட்டும் சொன்னான்.

நோய் மற்ற பக்கங்களில் அடங்கியது. நடு மாடிப்படியை ஒட்டிய அறைகளில் மட்டும் அடங்கவில்லை.

அதற்குள் அவர்கள் ஊர்த் துறைமுகம் நெருங்கிவிட்டது. கப்பல் அந்தப் பக்கம் திரும்புவதே அபூர்வம். அக்கா குழந்தையோடு வந்து காத்திருப்பாள். குழந்தை இப்போது நடக்கிறது. நாற்காலியைப் பிடித்து நடந்தது போய், எதையும் பிடிக்காமல் நடக்கிறது. அவன் அதைப் பார்த்ததில்லை. அவன் கிளம்பியபோது அது குப்புற விழவே கற்றுக்கொண்டிருந்தது. ஆனால் டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்: நோய் வந்த அறைகளிலும் மருந்து வேலையிலும் இருந்தவர்கள் யாரும் கரை இறங்கக் கூடாது. ஆக, அவள் போக முடியாது. பாலிஷ் வேலையை மருந்து தொடங்கிய அன்றே நிறுத்தி, அவனை மேல்தளத்தில் நாற்காலி அடுக்கப் போட்டிருந்தார்கள். அவன் போகலாம்.

இரண்டு பேருக்கும் சேர்த்து அவன் போவதாக முடிவாயிற்று. அவள் ஒரு கவுனும் பொம்மையும் வாங்கிவைத்தாள். எப்படித் தூக்க வேண்டும், எந்தக் காதைத் தொட்டால் சிரிக்கும் என்று அவனுக்குப் பாடம் நடத்தினாள். "என் புள்ளைக்கு என்னை அறிமுகப்படுத்துறியா?" என்று அவன் கேட்டான். இரண்டு பேரும் சிரித்தார்கள்.

துறைமுகத்துக்கு முந்தின நாள் காலை. நடு மாடிப்படியில் மருந்து போட ஆளை விட்டுவிட்டுக் கீழே போனவள், தன் தெளிப்பான் பாட்டிலை அங்கேயே மறந்துவிட்டு வந்ததை நினைத்துத் திரும்பினாள். கம்பி காய்ந்திருந்தது. காய்ந்தது மட்டுமல்ல, கண்ணாடிபோல் மின்னியது. அந்தப் படிக்கு மருந்து போட்ட ஆளைக் கூப்பிட்டுப் பிடிபிடி என்று பிடித்தாள். போடாமலே போட்டேன் என்கிறாயா, எத்தனை நாளாக இந்த ஏமாற்று என்று கேட்டாள். அவர் கிட்டத்தட்ட அழுதுவிட்டார். குழந்தைகள் மேல் சத்தியமாகப் போட்டேன் அக்கா, நீங்களே நின்று பாருங்கள் என்றார்.

நின்று பார்த்தாள். அவர் மறுபடி மருந்து தடவிவிட்டுப் போனார். சற்று நேரத்தில் மேலிருந்து ஒருவன் இறங்கி வந்தான். கையில் மஞ்சள் துணி. வாய்க்குள் ஒரு பாட்டு. ஒரே துணி, மேல்தளத்தில் தொடங்கி, தளம் தளமாக, ஈரத்தை ஒற்றி, திட்டைத் தேய்த்து, பின்னால் சாய்ந்து அழகு பார்த்து, மறுபடி தேய்த்து. அவள் புருஷன்.

அவனைத் துணி அடுக்கும் அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினாள்.

"இது எத்தனை நாளா?"

"உன்னைப் பத்திப் புகார் வந்துச்சே, அன்னைலேர்ந்து" என்றான் அவன். அவன் முகத்தில் குற்றம் செய்த களையே இல்லை. யாருக்கும் தெரியாமல் ஒரு பரிசு கொடுத்து மாட்டிக்கொண்டவன் மாதிரி நின்றான். "நாற்காலி வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி ஒரு ரவுண்டு, திட்டு தெரிஞ்சா இன்னொரு ரவுண்டு. அதுக்கப்புறம் ஒரு புகார் வந்துச்சா, சொல்லு?"

வரவில்லைதான். மருந்து வேலை செய்வதற்குள் துடைத்திருக்கிறாய், ஒரு தளத்தின் அழுக்கை அதே துணியால் அடுத்த தளத்துக்குக் கொண்டுபோயிருக்கிறாய், அதனால்தான் இந்தப் பக்கம் மட்டும் அடங்கவில்லை என்று மூச்சு விடாமல் சொன்னாள். அவன் துணியைப் பார்த்தான், கையைப் பார்த்தான். மெதுவாகத்தான் புரிந்தது. புரிந்ததும் அந்தத் துணியைப் பையில் போட்டுக் கட்டி, அவள் சொல்லாமலே, மூலையில் இருந்த தொட்டியில் முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டான்.

"சரி, இனி தொடமாட்டேன். விட்ரு" என்றான். "நாளைக்கு நான் போயிட்டு வர்றேன். இது நம்ம ரெண்டு பேருக்கும்தானே தெரியும்."

"கிருமிக்கும் தெரியும்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே. நல்லாத்தானே நிக்கிறேன்."

"இன்னைக்கு நல்லா நிக்கிறவன் நாளைக்கு வாந்தி எடுக்கிறான். தினமும் பாக்கிறேங்க."

அவன் ஒரு வழி சொன்னான். முகமூடி போட்டுக்கொள்கிறேன். கிட்டப் போகவே மாட்டேன். தள்ளி நின்று, நடப்பதைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அவள் அதைக் கேட்டுக்கொண்டே ஏற்கெனவே அடுக்கியிருந்த துண்டுகளைக் கலைத்து மறுபடி அடுக்கினாள். அவளுக்கும் ஆசைதான். ஒரு கணம் சரி என்று சொல்லத்தான் வாய் போனது.

"அது அப்பான்னு கைய நீட்டுச்சுன்னா?" என்று கேட்டாள். "தூக்காம நிப்பீங்களா?"

அவன் ஈரக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தரையைப் பார்த்தான். பொய் சொல்லத் தெரியாதவன் என்பதுதான் அவனிடம் அவளுக்கு முதலில் பிடித்த விஷயம்.

டாக்டரம்மாவின் அறைக்குப் போகும் வழியில் இரண்டு கழிப்பறைகளில் நின்று கை கழுவினாள். ஒரு இடத்தில் திரும்பிவிடலாம் என்று நின்றாள். பின்னால் ஒரு கூட்டம் வந்து லிஃப்டுக்குள் தள்ளிக்கொண்டு போய்விட்டது. உள்ளே போய், நின்றபடியே சொன்னாள். டாக்டரம்மா திட்டவில்லை. அந்தப் படியில் இனி யாரை நிறுத்த வேண்டும், எந்தக் கம்பிகளைத் திரும்பச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டார். திட்டுகிற வேலையைத் தலைமை மேடம் எடுத்துக்கொண்டார். அவன் கேபினை விட்டு வெளியே வரக் கூடாது, ஊழியர்களின் முன்தளத்துக்குத் தனியாகப் போய்க் காற்று வாங்கலாம், கரை கிடையாது என்று முடிவாயிற்று. மருந்து போட்ட ஆளிடம் போய் அவள் மன்னிப்புக் கேட்டாள். "இருக்கட்டும் அக்கா" என்றார் அவர், முகத்தைப் பார்க்காமல்.

அவன் அவளோடு பேசவில்லை. சண்டை போட்டிருந்தால் தேவலை என்று இருந்தது.

மறுநாள் கப்பல் துறைமுகத்தில் நின்றது. பயணிகள் தொப்பியும் கேமராவுமாக இறங்கிப் போனார்கள். அவள் முன்தளத்துக்கு ஓடினாள். ரொம்பக் கீழே, இரும்புத் தடுப்புக்கு அந்தப் பக்கம் அக்கா தெரிந்தாள். இடுப்பில் மஞ்சளாக ஒரு புள்ளி. போன் அடித்தது.

"எந்த மாடிடி? எல்லாம் ஒரே மாதிரி இருக்கு. எங்க அவரு?"

இதோ வருகிறார் என்று சொல்லிவிட்டு அவள் மறுபடி ஓடினாள். ஊழியர்களின் இரும்புப் படிகளில் தடதடவென்று இறங்கி, ஜன்னல் இல்லாத அந்தக் கேபினுக்குப் போனால், அவன் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான்.

"வாங்க. வந்திருக்காங்க."

"நீ பாரு. உனக்குத்தான் எல்லாம் தெரியுமே."

அவள் கதவைத் திறந்து பிடித்தபடி மேல்மூச்சு கீழ்மூச்சு வாங்கினாள். கெஞ்ச அவளுக்கு வராது. "அக்கா கீழ இறக்கி விடப்போறா" என்றாள். "நடக்கப்போகுதுங்க."

அவன் செருப்பைக்கூடப் போடாமல் எழுந்து அவளுக்கு முன்னால் ஓடினான்.

மேலே வந்து சேர்ந்தபோது அக்கா குழந்தையைத் தரையில் விட்டிருந்தாள். அது நின்றது. சுற்றிப் பார்த்தது. இவ்வளவு பெரிய கப்பலையும் இவ்வளவு கூட்டத்தையும் பார்த்து மிரண்டு, பொத்தென்று உட்கார்ந்துவிட்டது. அக்கா தூக்கித் தூக்கி நிறுத்தினாள். அது காலை மடக்கி மடக்கி உட்கார்ந்தது. "காலைல வீடு முழுக்க ஓடுச்சுடி, சனியன்" என்று போனில் அக்கா பாவமாகச் சொன்னாள். குழந்தையின் அழுகை போனில்தான் கேட்டது. மேலே காற்று மட்டும்.

"நடக்க மாட்டேங்குது பாரு" என்றான் அவன். முந்தின நாளுக்குப் பிறகு அவன் கோபமில்லாமல் பேசிய முதல் வாக்கியம். "பிடிவாதம் யார் வீட்டுதுன்னு தெரியுது."

அக்கா குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு, வெயில் ஏறுவதற்குள் போய்விட்டாள்.

நடு மாடிப்படிப் பக்கத்தில் இருந்து போன் வருவது குறைந்து, நின்றே போனது. உப்புக் குப்பிகள் மேசைக்குத் திரும்பின. அதற்காக யாரும் கை தட்டவில்லை; வராத நோய்க்கு யார் கை தட்டுவார்கள். பயணிகளுக்குச் சாப்பாட்டில் உப்பு குறைவு, அதிகம் என்கிற பழைய புகார்கள் தொடர்ந்தன.

அவனுக்கு நோய் வரவே இல்லை. தினமும் காலையில் அவள் அவன் முகத்தைப் பார்ப்பாள். நல்லபடியாக இருக்க வேண்டுமே என்றும் இருக்கும், லேசாக வந்துதான் தொலைக்கட்டுமே என்றும் இருக்கும். அந்த இரண்டாவது நினைப்பை அவள் யாரிடமும் சொன்னதில்லை. டாக்டரம்மா அவனை வேலைக்குப் போகலாம் என்று சொன்ன அன்று, சீருடைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே அவன் கேட்டான்.

"எனக்கு ஒண்ணுமே வரல. அப்ப அன்னைக்குப் போயிருக்கலாம்ல?"

சண்டைக்கு அவன் தயாராக நின்றான். அவளிடம் சொல்ல எவ்வளவோ இருந்தது. ஆனால் அவனுக்கு வராததை வைத்து அவள் எதையும் நிரூபிக்க முடியாது.

"போயிருக்கலாம்தாங்க" என்றாள். "அன்னைக்குத் தெரியலையே."

அவன் கடைசிப் பொத்தானைப் போடாமல் நின்றான். மேலே, புதுப் பயணிகள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். பெட்டிச் சக்கரங்கள் உருளும் சத்தம் கேபின் வரை கேட்டது. அவள் எட்டி அந்தப் பொத்தானைப் போட்டுவிட்டு, மருந்துப் பாட்டிலை எடுத்துக்கொண்டு படியேறினாள்.