கீறல் விழுந்த அடக்க டிவிடி

நெய்யூர்ப் பக்கம் எங்கள் வீட்டுக் கணினியில் டிவிடி ரைட்டர் மாட்டிய பிறகு நான் தலைகால் தெரியாமல் ஆடிக்கொண்டிருந்த காலம் அது. கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகளின் முதல் நன்மை, புதுவீட்டுப் பால்காய்ச்சு என்று எந்த டிவிடி வந்தாலும் நகல் எடுத்துக் கொடுப்பேன். பின்னால் உதவும் என்று ஒரு பிரதியை என் ஹார்டு டிஸ்கிலும் போட்டு வைப்பேன். என்னிடம் வந்த டிவிடி எதுவும் வீணாகப் போனதில்லை. இதைச் சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

கடியப்பட்டணத்திலிருந்து எங்களுக்கு மீன் கொண்டுவரும் அக்கா ஒருநாள் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பிளாஸ்டிக் கவரில் சுற்றிய டிவிடி ஒன்றை நீட்டினாள். அவள் கணவரின் அடக்க வீடியோ. எங்கள் பக்கம் அடக்கத்தையும் படம் பிடிப்பார்கள். வளைகுடாவிலிருந்து வந்து சேர முடியாத பிள்ளைகளுக்கு அதுதான் கடைசிப் பார்வை.

“மவன் துபாய்லல்லா கெடக்கான். லீவு கிடைக்கல. நாளக்கழிச்சி ஊர்க்காரன் ஒருத்தன் போறான். குடுத்துவிட ஒரு காப்பி எடுத்துத் தா மக்கா.”

டிவிடியின் வெளி ஓரத்தைச் சுற்றிக் கீறல்கள். டிவிடி உள்ளிருந்து வெளியே ஓடும். ஓரத்தில் கிடப்பது படத்தின் கடைசிப் பகுதி. அந்த இடம் வந்ததும் கணினி முரண்டு பிடித்தது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. பற்பசை தொட்டுப் பஞ்சால் துடைத்து, கழுவி, திரும்பத் திரும்ப ஓடவிட்டேன். மறுநாள் காலையில் முழுப்படமும் வந்துவிட்டது.

மீனோடு வந்தவளை உட்காரவைத்துப் பெருமையாக ஓட்டிக் காட்டினேன். கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை மூட மூடியைக் கொண்டு வந்ததும் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

“இது எப்பிடி வந்துது? சேலை ஊக்க வச்சி நான்தான மக்கா கீறுனேன். கடைசி ஓரத்துல இருக்கும்னு படம் எடுத்தவன் சொன்னான். கீறுனா காப்பில வராதுன்னு நெனச்சேன்.”

“சொல்லியிருந்தா நானே வெட்டியிருப்பேனேக்கா.”

“மூடுறத வாயால எப்பிடிச் சொல்ல? அவன் அங்க ஒத்தையில இருந்துல்லா பாப்பான். புடிச்சிக்கிட ஒரு ஆளு வேண்டாமா? அவன் கேட்டாலும் குடுத்திராத.”

எனக்கு வெட்கமாகப் போயிற்று. மூடி வருவதற்கு முன்பாக வெட்டி, வேறொரு டிவிடியில் பதிந்து கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து துபாயிலிருந்து அவள் மகன் போன் செய்தான்.

“அண்ணே, அப்பாக்க பெட்டி மூடுனது இல்லியே. கீறலா?”

முழுப்படமும் என் முன்னால் கணினியில் இருந்தது. “கீறல்தான்” என்றேன்.

அவன் தயங்கிக்கொண்டே கேட்டான்: “மார்த்தாண்டத்துல கடையில குடுத்திருந்தா எடுத்திருப்பானோ?”

“எடுத்திருப்பான் மக்கா” என்றேன். “எனக்குத்தான் தெரியல.”