வால்வா, டிரான்சிஸ்டரா

அறுபதுகளின் கடைசியில் மாட்டுங்காவில் ஒரு மெல்லிசைக் குழுவில் நான் கிட்டார் வாசித்தேன். எங்களிடம் இருந்தது வால்வு ஆம்ப்ளிஃபயர். சுவிட்சைப் போட்டால் சூடேறிச் சத்தம் வரவே ஒரு நிமிடம் ஆகும். அந்த வருஷம் டிரான்சிஸ்டர் வைத்த புதியது வந்தது. மாற்றத்தான் வேண்டுமா என்று எனக்குத் தெரியவில்லை.

கடைக்காரரிடம் சொல்லி, ஒரு ஞாயிற்றுக்கிழமை மட்டும் புதியதைக் கொண்டுவந்தோம். தாராவியிலிருந்து வரும் எங்கள் தபலாக்காரரைத் திரும்பி உட்காரச் சொல்லி, ஒரே மெட்டை இரண்டிலும் வாசித்தேன்.

“மொதல்ல கேட்டதுதான் நல்லாருக்கு அண்ணாச்சி. ரெண்டாவது தகரத்துல தட்டுன மாதிரில்லா இருக்கு” என்றார்.

முதலில் வாசித்தது பழையதில். எனக்கு உள்ளூர மகிழ்ச்சி.

அடுத்து, ஆபீஸில் டைப்பிஸ்டாக இருந்த எங்கள் பாடகி புதியதில் பாடினார். பாதியில் நிறுத்திவிட்டார்.

“நான் மூச்சு எடுக்கறது எனக்கே கேக்கறது சார்!”

“அப்போ வேண்டாமா?”

“ஐயோ, இதுதான் வேணும். இத்தனை நாளா தப்பான எடத்துல மூச்சு எடுத்துண்டு இருந்திருக்கேன்.”

மாலைவரை அவர் வரிவரியாகப் பாடி, மூச்சுக்கு வேறு இடம் தேடினார். அவர் குரலுக்குப் புதியதை வாங்கினோம். என் கிட்டார் பழையதிலேயே இருந்தது. அடுத்த கச்சேரியில் அவர் எங்கே மூச்சு எடுக்கிறார் என்று காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். கண்டுபிடிக்க முடியவில்லை.