இரண்டு தண்ணிக்கும் ஒரே தூண்டில்

தீபாவளி முடிந்து பட்டாசுக் கம்பெனிக்கு லீவு விட்டிருந்தார்கள். தாயில்பட்டிப் பக்கம் அந்த நாட்களில் கையில் போனஸ் இருக்கும், வேலை இருக்காது. என்னோடு வேலை பார்க்கிற பெண்கள் கூட்டமாக இருக்கன்குடி கோயிலுக்குக் கிளம்பினார்கள். நான் விருதுநகர் பஸ்ஸுக்கு நின்றேன். எதற்கு என்று கேட்ட பக்கத்து வீட்டுக்காரியிடம் உண்மையைச் சொல்லித் தொலைத்தேன்.

"தூண்டிலா? ஏக்கா, வீட்ல மிக்சி ரிப்பேராக் கெடக்குன்னீக?"

மிக்சி கிடக்கட்டும். அம்மியில் அரைத்தால் என் கை ஒன்றும் தேய்ந்துவிடாது. என் கவலை வேறொரு கையைப் பற்றியது.

பட்டாசு மருந்து கலக்கிற அறையில் பற்றிய தீயில் என் வீட்டுக்காரருக்கு வலது கை வெந்துபோனது. உயிர் தப்பியதே பெரிது என்று எல்லோரும் சொன்னார்கள், நானும்தான் சொன்னேன். புண் ஆறியது. ஆனால் தோல் இழுத்துக்கொண்டதால் விரல்கள் பாதிக்கு மேல் மடங்குவதில்லை. அன்றிலிருந்து அந்தக் கையின் மேல் எப்போதும் ஒரு துண்டு. டீக்கடையிலும் துண்டு, கல்யாண வீட்டிலும் துண்டு. அப்புறம் டீக்கடைக்கும் கல்யாணத்துக்கும் போவதையே நிறுத்திவிட்டார். லீவு என்றால் தூண்டில் நரம்பும் முள்ளும் எடுத்துக்கொண்டு வெம்பக்கோட்டை அணைக்கு ஓடுகிற மனுஷன், டிவி முன்னால் உட்கார்ந்து விளம்பரத்தைக்கூட மாற்றாமல் பார்த்தார். எனக்குப் பயமாக இருந்தது. கை போனது போகட்டும், ஆளும் சேர்ந்து போய்விடுவாரோ என்ற பயம்.

"நரம்ப விரல்ல சுத்தி இழுக்கணும். இந்தக் கைக்கு ஆகாதுட்டி" என்றார் ஒருநாள். சுற்றி இழுக்க ரீல் இருக்கும்போது விரல் எதற்கு? அன்றைக்கே முடிவு பண்ணிவிட்டேன்.

அணையில் பாதி வருஷம்தான் தண்ணீர் கிடக்கும். மீதி நாளுக்கு இவர் மறுபடி டிவி முன்னால் உட்கார்ந்துவிடக் கூடாது. வைப்பாறு கடலில் சேருகிற பக்கம் என் தங்கச்சி வீடு இருக்கிறது. ஆக, நல்ல தண்ணிக்கும் உப்புத் தண்ணிக்கும் சேர்த்து ஒரே தூண்டில் வேண்டும். இரண்டு வாங்க வசதியில்லை. தங்கச்சி மாப்பிள்ளை மீன்பிடி போட்டில் போகிறவர். போனில் கேட்டேன்.

"மதினி, பளபளப்பப் பாத்து ஏமாந்துராதீக. நரம்பு ஓடுற வளையம் துருப்பிடிக்காததா இருக்கணும். மத்ததெல்லாம் உப்புத்தண்ணி தின்னுரும்."

விருதுநகரில் வலையும் கயிறும் விற்கிற கடை ஒன்றில் தூண்டில் ராடும் வைத்திருந்தார்கள். கடைக்காரர் முதலில் கார்பன் ராடை எடுத்துக் கொடுத்தார். தூக்குவதே தெரியவில்லை, அவ்வளவு லேசு. ஆனால் அதை வாங்கினால் போனஸ் மொத்தமும் அங்கேயே தங்கிவிடும். பாறையில் ஒரு இடி இடித்தால் கீறல் விடும் என்று அவரே ஒத்துக்கொண்டார். அடுத்தது ரேடியோ ஏரியல் மாதிரி இழுத்து நீட்டுகிற ராடு. "பைக்குள்ள போட்டுக்கிடலாங்க்கா" என்றார். அத்தனை இணைப்பிலும் கடற்கரை மண் போய் இறுகினால் அப்புறம் அது நீளவும் செய்யாது, சுருங்கவும் செய்யாது. வேண்டாம் என்றேன்.

மூன்றாவது ஃபைபர் ராடு. இரண்டே துண்டு. மாட்டி நிறுத்தினால் என் தலைக்கு மேல் ஒரு முழம் இருந்தது. கனம் கொஞ்சம் கூடுதல், பாசிப் பச்சை நிறம், பார்க்க லட்சணமே இல்லை. நுனியைத் தரையில் ஊன்றி வளைத்தேன். கடைக்காரர் முகம் போன போக்கு! விட்டதும் நிமிர்ந்துகொண்டது. வளையமெல்லாம் துருப்பிடிக்காத ரகம். ரீலின் கைப்பிடியை இடது பக்கம் மாட்டித் தரச் சொன்னேன். பிறகு என் வலது கை விரல்களை என் வீட்டுக்காரருடையதைப் போலப் பாதி மடக்கி வைத்துக்கொண்டு ராடைப் பிடித்துப் பார்த்தேன். நழுவியது.

"இதுக்கு மேல தடியாப் பிடி வராதுக்கா."

"பிடிய நான் பாத்துக்கிடுதேன். பில்லப் போடுங்க."

எனக்கா தெரியாது? பட்டாசுக்குக் காகிதக் குழாய் உருட்டித்தானே சோறு தின்கிறேன். பூச்சி அரிக்காமல் இருக்க மயில்துத்தம் போட்டுப் பசை காய்ச்சி, பிடியின் மேல் பழுப்புக் காகிதத்தைச் சுற்றுக்கு மேல் சுற்றாக இறுக்கி உருட்டி, வெயிலில் காயவைத்தேன். மரக்கட்டை மாதிரி ஆனது. தட்டிப் பார்த்துப் பார்த்துப் பெருமைப்பட்டுக்கொண்டேன்.

அவர் தொடவில்லை. "கை வெளங்காதவனுக்கு வெளையாட்டுச் சாமானா?"

எனக்குச் சுருக்கென்றது. கோபமும் வந்தது. "மிக்சிய விட்டுட்டு வாங்கியிருக்கேன். எந்திரிங்க" என்றேன்.

அணையில் ஆளில்லாத பக்கமாகப் போய் உட்கார்ந்தோம். பிடி அவர் கைக்குள் அம்சமாக நின்றது. இரண்டு ஜிலேபிக் கெண்டை விழுந்தது. ஆனால் யாராவது கரையில் நடந்து வந்தால் போதும், ராடைக் கீழே வைத்துவிட்டுத் துண்டை இழுத்துக் கையை மூடிக்கொள்வார். மீன் கிடைத்தும் எனக்கு மனசு ஆறவில்லை.

அடுத்த வாரம் தங்கச்சி ஊருக்குக் கூட்டிப்போனேன். கடற்கரை முழுக்க ஆட்கள். துண்டைக் கையில் போர்த்தியபடியே முழங்கால் ஆழத்தில் நின்று வீசினார். ஒரு அலை வந்து இடுப்பு வரை நனைத்துவிட்டுப் போனது. கொஞ்ச நேரத்தில் பிடி ஊறி, காகிதம் பிரிந்து, பழுப்புக் கூழாக அவர் விரல் வழியே ஒழுகியது. மழை இருட்டினாலே குழாய்களைத் தார்ப்பாய் போட்டு மூடுகிறவள் நான். கடலுக்குப் போய்க் காகிதம் சுற்றியிருக்கிறேன்! நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது.

அந்த நேரம் பார்த்து மீன் இழுத்தது. ராடு கையை விட்டு வழுக்கியது. நான் ஓடிப்போய்ப் பிடிக்கப் போனேன்.

"ஏட்டி, நீ வெலகு!"

ராடின் அடியைத் தொடை இடுக்கில் கவ்விக்கொண்டார். கையை மூடியிருந்த துண்டை உருவி, ஒரு முனையைப் பல்லில் கடித்து, இடது கையால் பிடியில் இறுக்கிச் சுற்றினார். அதன் மேல் வலது கையை வைத்து அழுத்திப் பிடித்தார். வெந்து சுருங்கிய கை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. கரையில் எல்லோரும் பார்த்தார்கள். அவர் ஒருவரையும் பார்க்கவில்லை, ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தார்.

பாறை மீன், நடுத்தரம்தான். கழற்ற உதவிக்கு வந்தவர், "கையில என்னண்ணே?" என்றார்.

"பட்டாசுத் தீ. வாயத் தொறந்து பிடிங்க, முள்ள எடுக்கணும்."

எனக்கு அழுகை வந்துவிட்டது. உப்புத் தண்ணீர் தெறித்த மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

தங்கச்சி வீட்டு அடிபம்பில் ராடையும் ரீலையும் அவரே நல்ல தண்ணீர் விட்டுக் கழுவினார். துண்டை மட்டும் அவிழ்க்கவில்லை. திரும்பி வரும் பஸ்ஸில் அது தூண்டிலில்தான் இருந்தது. கூட்டம் நெருக்கியது. உட்கார இடமில்லாமல் அவர் வலது கையை உயர்த்தி மேல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, ஊர் வரும்வரை நின்றே வந்தார்.