வரனுக்கு அனுப்ப ஒரு போட்டோ

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்குக் கும்பிடு போட்டவன் நான். காந்தி மார்க்கெட்டில் வாழைத்தார் இறக்க வந்து, அதே மார்க்கெட்டில் சொந்தமாக மண்டி வைத்தேன். மண்டியை மகன் கையில் கொடுத்த பிறகு கேமரா வாங்கினேன். வீட்டில் சிரித்தார்கள். இன்றைக்கு எங்கள் சொந்தத்தில் காதுகுத்தோ வளைகாப்போ, முதல் போன் எனக்குத்தான் வருகிறது. புதிதாகக் கேமரா பிடிக்கிறவர்களும் என்னிடம்தான் யோசனை கேட்கிறார்கள்.

நான் சொல்வது இதுதான். கேமராவில் எத்தனை பட்டன் இருக்கிறது என்று எண்ணாதீர்கள். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று பாருங்கள். மஞ்சள் பல்புக்குக் கீழே பார்த்தால் அடிபட்ட பழமும் தங்கமாகத்தான் தெரியும். அதை நம்பித் தார் எடுத்தவன் மண்டி நடத்த முடியாது. முகமும் அப்படித்தான். இதை நான் செய்து காட்டியது காட்டூரில், தங்கச்சி வீட்டில்.

தங்கச்சி மகளுக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தில்லை நகரில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்க்கிற பெண். கறுப்பு, நல்ல களை. கன்னத்தில் ஒரு மச்சம். ஸ்டூடியோக்காரர் அவளுக்குச் சுண்ணாம்பு அடித்த மாதிரி ஒரு படம் கொடுத்திருந்தார். மச்சத்தையும் காணோம். அந்தப் படத்தை நம்பி இரண்டு வீட்டார் பெண் பார்க்க வந்தார்கள். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்ததுமே அவர்கள் முகம் மாறிவிட்டது. பஜ்ஜியைச் சாப்பிட்டுவிட்டு, “கலந்து பேசிட்டுச் சொல்றோங்க” என்று போனவர்கள் போனவர்கள்தான்.

அடுத்து ஸ்ரீரங்கத்திலிருந்து ஒரு வரன், பெண்ணின் படம் கேட்டார்கள். அவளே எனக்குப் போன் செய்தாள்.

“மாமா, நான் எப்படி இருக்கேனோ அப்படியே எடுத்துக் குடுங்க. பிடிக்கலைன்னா படத்தைப் பாத்துட்டு அங்கேயே வேணாம்னு சொல்லட்டும். இங்க வாசல்ல வந்து நின்னு யாரும் மூஞ்சியச் சுருக்க வேணாம்.”

“என்கிட்ட சொல்லிட்டல்ல, விடு” என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை போனேன். சாப்பிட்டுக் கை கழுவுவதற்குள், வெயில் நன்றாக இருக்கிறது என்று தங்கச்சி எங்களை மொட்டை மாடிக்கு விரட்டினாள். உச்சி வெயிலில் யாரையும் எடுக்காதீர்கள். கண்ணுக்குக் கீழே குழி விழும். எனக்குத் தெரியும், தங்கச்சிக்குத் தெரிய வேண்டுமே என்று ஒன்று எடுத்துக் காட்டினேன். ராத்திரி ட்யூட்டி முடித்து வந்தவள் போல இருந்தாள் பெண்.

“என்ன மாமா, தண்ணி டேங்க என் தலையில தூக்கி வெச்சிருக்கீங்க?”

பார்த்தால் நிஜம்தான். பின்னால் இருந்த கறுப்பு டேங்க் அவள் உச்சியிலிருந்து முளைத்திருந்தது.

“தண்ணிக்குக் கஷ்டமில்லாத வீடுன்னு சந்தோஷப்படுவாங்க” என்று சமாளித்தேன். முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் முகத்துக்குப் பின்னால் என்ன நிற்கிறது என்று பார்த்துவிடுங்கள்.

வெயில் சாய்ந்த பிறகு கூடத்து ஜன்னலோரம் உட்காரவைத்தேன். வெயில் நேராக விழாத ஜன்னல், அதுதான் காசில்லாத ஸ்டூடியோ. டியூப்லைட்டை அணைத்தேன்.

“லைட்ட அணைச்சா இன்னும் கறுப்பாத் தெரிவாளே அண்ணே?” என்றாள் தங்கச்சி.

“தெரியட்டும்மா” என்றாள் மகள்.

கறுத்த முகத்தை வெள்ளைச் சுவருக்கு முன்னால் நிறுத்தாதீர்கள். கேமரா சுவரைப் பார்த்து மிரண்டு முகத்தை இருட்டாக்கிவிடும். மர பீரோ அவள் பின்னால் வருகிற மாதிரி நாற்காலியைத் திருப்பினேன். மூக்குக்கு நேரே கேமராவை நீட்டினால் மூக்கு பெருத்துவிடும். நாலு எட்டு தள்ளி நின்று லென்ஸை இழுத்துக்கொண்டேன். கண்ணில் குறி வைத்தேன். ‘சிரி’ என்று மட்டும் சொல்லவே மாட்டேன். சொன்னால் பல்தான் வரும், சிரிப்பு வராது. மார்க்கெட் வம்பு ஏதோ பேசிக்கொண்டே காத்திருந்தேன்.

தங்கச்சி பூவும் பவுடர் டப்பாவுமாக உள்ளே நுழைந்தாள். “அம்மா, அந்த டப்பாவோட இந்தப் பக்கம் வந்த, நான் எந்திரிச்சுப் போயிடுவேன்” என்று பாதி மிரட்டலும் பாதிச் சிரிப்புமாகத் திரும்பினாள் பாருங்கள், கேமரா பட்டனைத் தட்டிவிட்டேன்.

மச்சம் இருந்தது. நிறம் இருந்தது. நெற்றியில் ஒரு கொத்து முடி விழுந்திருந்தது.

“தலை கலைஞ்சு கெடக்கு, பூ கூட இல்ல. இதையா அனுப்புறது?” என்று தங்கச்சி கேட்டு முடிப்பதற்குள் மகள் படத்தைத் தன் போனுக்கு மாற்றியிருந்தாள்.

“அனுப்பிட்டேன்மா.”

படத்தைப் பார்த்துவிட்டு, பெண் பார்க்க வருகிறோம் என்றார்கள் ஸ்ரீரங்கத்துக்காரர்கள். வந்த அன்று நான் வேண்டுமென்றே கேட் பக்கம் நின்றேன். பையனின் அம்மா செருப்பைக் கழற்றினார். நிமிர்ந்தார். பெண்ணைப் பார்த்தார். முகம் மாறவில்லை. “படத்துல பாத்த மாதிரியே இருக்கம்மா” என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார். மண்டி திறந்த அன்றைக்குக்கூட எனக்கு நெஞ்சு இவ்வளவு நிமிரவில்லை.

அப்புறம் பைக்கை நிறுத்திவிட்டுப் பையன் வந்தான். அவர்கள் அனுப்பிய ஸ்டூடியோ படத்தில் நெற்றி நிறைய முடி. வந்து நின்றவனுக்கு நெற்றி பாதித் தலை வரைக்கும் போயிருந்தது. இப்போது முகம் மாறியது எங்கள் பக்கத்தில். தங்கச்சி பஜ்ஜித் தட்டோடு அப்படியே நின்றுவிட்டாள்.

பெண்ணும் பையனும் பால்கனியில் பேசிவிட்டு வந்தார்கள். வந்தவள் நேராக என்னிடம், “மாமா, கேமரா கொண்டாந்திருக்கீங்கல்ல? இவரையும் ஒண்ணு எடுங்க” என்றாள்.

“நாங்க அனுப்பின படம் நல்லாத்தானே இருந்துச்சு?” என்றார் அந்த அம்மா.

“நல்லா இருந்துச்சு ஆன்ட்டி. இவர் மாதிரி இல்ல.”

பையன் சிரித்துவிட்டான். “அது காலேஜ் முடிச்சப்ப எடுத்ததுங்க. அம்மாதான் மாத்த விடல.”

அதே ஜன்னல், அதே நாற்காலி. முடி குறைந்தவர்களை மேலே இருந்து எடுக்காதீர்கள். கண் மட்டத்துக்குக் கேமராவை இறக்குங்கள், வெளிச்சம் பக்கவாட்டில் வரட்டும். நான் ஒன்றும் பேச்சுக் கொடுக்கவே வேண்டியிருக்கவில்லை. அவன் என்னைப் பார்க்காமல் அவளைப் பார்த்தான். தட்டினேன்.

அவள் கேமராவை வாங்கி, படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். கூடத்தில் ஒருவரும் பஜ்ஜியைத் தொடவில்லை.

“இத எனக்கு அனுப்பிடுங்க மாமா.”

“அது இருக்கட்டும்டி, அவங்களுக்கு என்ன பதில் சொல்றது?” என்றாள் தங்கச்சி.

“அதான் சொல்லிட்டேனேம்மா.”

தங்கச்சிக்கு விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. பையனின் அம்மாவுக்கு உடனே விளங்கிவிட்டது. அவர் எழுந்து அந்த ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்து, “எனக்கும் ஒண்ணுங்க” என்று முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.