முயல் பெட்டியில் போட்ட நூல்

கஞ்சி போட்ட தறி நூலின் புளித்த வாடை பட்டால் இன்றும் அந்த முயல் பெட்டி கண்முன் வந்துவிடும்.

அறுபதுகளின் கடைசி. அருப்புக்கோட்டையில் எங்கள் வீட்டில் தறி ஓடிய காலம். பக்கத்து ஊர் பரளச்சியிலிருந்த தோழி சரசு தந்த முயலுக்கு முதல் ஈற்று. அது தன் வயிற்று முடியைப் பிடுங்கிப் பெட்டியில் பரப்பியது. சொறி என்று பயந்து அதைக் கூட்டித் தள்ளினேன். மெத்தென்று இருக்கட்டுமே என்று தறிக் கழிவு நூலை அள்ளிப் போட்டேன். பிறந்த மறுநாளே ஐந்து குட்டிகளும் கழுத்தில் நூல் இறுகிச் செத்துக் கிடந்தன.

இப்போதெல்லாம் காய்ந்த புல் மட்டுமே வைக்கிறேன். தாய் பிடுங்கிய முடியைத் தொடுவதில்லை.

அன்று சரசு வந்து முயலைத் திரும்ப வாங்கிக்கொண்டாள். "புள்ளைகளுக்கு அது விரிச்ச மெத்தையவாடி குப்பைன்னு கூட்டுன?" என்றாள். பஸ் ஏறும்போது எப்போதும் சொல்லும் 'வாரேன்' அவள் வாயில் வரவில்லை.

"போறேன்டி" என்றாள்.